ஓம் அங்கிள்

“செத்த மனுசன் மீன் வாங்கிக்கொண்டு வாறாராம். கிளிவெட்டியில கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?”

கஜீபன் கத்தியதில் ஒழுங்கையில் இருந்த படலைகள் எல்லாம் திறந்தன. எங்கள் படலை முதலே திறந்துதான் இருந்தது.

“மெதுவாக் கதை தம்பி,” என்றாள் அவனுடைய தாய் இராசமலர். அவளும் மெதுவாகக் கதைக்கவில்லை.

விசயம் இதுதான். கஜீபனுக்குக் கிளிவெட்டியில் சுலோஜனா என்ற பெண்ணைப் பேசி, தையில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் காலமாகிவிட்டார் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசியது. அது உண்மை. செத்தவீட்டுக்குக் கதிரை கொடுத்ததே நாங்கள்தான்.

ஆனால் இராசமலர் டிக்டொக்கில் இருந்தாள்.

திரையில் இரண்டு பாதி. இடது பாதியில் இராசமலர், பழுதாய்ப்போன பாரை மீனை வாங்கி வந்ததற்காக ஏசுவாள். வலது பாதியில் சிவகுருநாதன். திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், கலியாணமே கட்டாதவர். அவர் தலையைக் குனிந்து, எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு “ஓம்” என்பார். எந்த ஏச்சுக்கும் ஓம்தான். கனடாவிலும் சுவிஸிலும் அவருக்கு ‘ஓம் அங்கிள்’ என்று பெயர்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணின் பெரியப்பா காலையில் போன் கோல் எடுத்திருக்கிறார். தகப்பன் இல்லை என்றீர்கள், மனிதர் உயிரோடு இருந்து ஏச்சு வாங்குகிறாரே. இப்படிப் பொய் சொல்கிற வீட்டில் பெண் கொடுக்க ஏலாது. பின்னேரத்துக்குள் விளக்கம் வேண்டும்.

அவரையும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு பொறுமையாக ஏச்சு வாங்குகிற மனிதரைப் புருசன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

“அவர் ஆரோ, நான் ஆரோ எண்டு சொல்லு,” என்றாள் இராசமலர். “அவர் உவர்மலையில அவற்ற வளவுக்க இருந்து எடுக்கிறார். நான் இஞ்ச இருந்து எடுக்கிறன். போன்தான் ரெண்டையும் ஒட்டுது. நடுவில கோடு போகுது, தெரியேல்லையோ?”

“ஏன் ஒட்டுறீங்கள்? போனைத் தாங்கோ, எல்லாத்தையும் அழிக்கிறன்.”

இராசமலர் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“தை பிறந்தா நீ பெண்சாதி வீட்ட போயிடுவாய். பிறகு இந்த வீட்டில நான் ஆரை ஏசுறது?”

மாப்பிள்ளை பெண் வீட்டோடு போவது எங்கள் பக்கத்து வழக்கம். கஜீபன் சூட்கேஸ்கூட வாங்கிவிட்டான். எங்களுக்குத் தெரியாமல் இந்த ஒழுங்கைக்குள் ஒரு சூட்கேஸ் வர முடியாது.

இராசமலர் எங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். கூப்பிடாவிட்டாலும் வந்திருப்போம்.

போன் கைமாறியது. கண்ணாடி போட்டு, வெளிச்சம் கூட்டி, இரண்டு தரம் பார்த்தோம். அவளுக்குப் பின்னால் புல், ஒரு மரம். அவருக்குப் பின்னால் புல், ஒரு மதில். நடுவில் வெள்ளைக் கோடு.

“கோடு இருக்குத்தான் தம்பி,” என்றோம்.

“அதுக்குப் பேர் டூயட்,” என்றாள் முன்வீட்டு ரிஸ்லா. “நானும் தங்கச்சியோட செய்யிறனான். அவ கத்தார்ல நிக்கிறா. நான் என்ன பிளேன்லயா போயிட்டு வாறன்?”

கஜீபன் தணிந்தான். அந்த வீடியோவையே சுலோஜனாவுக்கு அனுப்பி, ‘வடிவாப் பாரும், ரெண்டும் ரெண்டு வீடு’ என்று கீழே எழுதினான். பிறகு நகம் கடித்தான். இராசமலர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்களும் போகவில்லை.

பதில் குரலாக வந்தது. அவசரத்தில் அவன் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டான். முதலில் சிரிப்பு. அடக்கப் பார்த்து, அடங்காமல் வந்த சிரிப்பு. அதன் பிறகு கதை.

“மாமி பக்கத்தில நிக்கிறாவோ? ஒருக்காக் கேளுங்கோ. மானின்ர தலை உவர்மலையிலயும் வால் உங்கட வீட்டிலயுமோ நிக்குது?”

போன் மறுபடியும் கைமாறியது.

உண்மைதான். இராசமலரின் தோளுக்குப் பின்னால் ஒரு புள்ளிமான் மேய்ந்துகொண்டு வருகிறது. கோட்டுக்குக் கிட்ட வருகிறது. சிவகுருநாதனின் காதடியில் அதன் தலை தெரியும்போது, பின்னங்கால்கள் இன்னும் இராசமலரிடம் நிற்கின்றன.

இருவரும் ஒரே வாங்குப் பலகையில், பக்கத்தில் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டு, கோட்டைப் பிறகு கீறியிருக்கிறார்கள்.

எங்கள் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று கேட்கலாம். மற்ற ஊர்களில் மாடு திரிவது போல இங்கே மான் திரிகிறது. சந்தையடியில் மரக்கறித் தோல் தின்கிறது, பஸ்ஸுக்கு வழிவிடாமல் நிற்கிறது. திருகோணமலைக்காரர் ஒருவரும் மானைப் பார்ப்பதில்லை. கிளிவெட்டிப் பெண் பார்த்துவிட்டாள்.

இராசமலர் நிலத்தைப் பார்த்தாள். கஜீபன் தாயைப் பார்த்தான். நாங்கள் எல்லோரையும் பார்த்தோம்.

இரண்டாவது குரல் வந்தது.

“பெரியப்பாவுக்கு ரெண்டு வீடெண்டே சொல்லுறன். அவர் கண்ணாடி போடாமத்தான் பாக்கிறவர். மாமியை ஒண்டையும் அழிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

கஜீபன் தாயின் போனைத் துடைத்து, அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

தையில் கலியாணம் நடந்தது. கஜீபன் கிளிவெட்டிக்குப் போய்விட்டான். மாசியில் இன்னொரு கலியாணம், பதிவு மட்டும். அந்த மாப்பிள்ளையும் வழக்கத்தை மீறவில்லை. ஒரு மேசை விசிறியோடும் இரண்டு உரப்பையோடும் ஓட்டோவில் எங்கள் ஒழுங்கைக்குள், பெண் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

அன்றோடு வீடியோக்கள் நின்றுவிட்டன. கடைசியாகப் போட்டதற்குக் கீழே கனடாவிலிருந்து யாரோ எழுதியிருக்கிறார்கள்: ‘அன்ரி, நீங்கள் ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டீங்களோ? எங்களுக்குச் சாப்பாடு இறங்கேல்லை.’