மூன்று கிளாவர்

நகுரு கிளப் கூடத்தில் மாலை வெயில் பச்சைத் துணி விரித்த மேஜையில் பாதிவரை ஏறியிருக்கிறது. பிரிட்ஜ் ஏலத்தில் ஆட்டின் சொன்ன ஞோகிக்கு, எதிரே ஜோடியாக உட்கார்ந்திருக்கும் கணவர் கதோகோ ‘துருப்பில்லாமல் இரண்டு’ அட்டையைப் பெருமையாக வைக்கிறார். கை அவ்வளவு பலம். அவள் ‘மூன்று கிளாவர்’ வைக்கிறாள். அது கிளாவர் அல்ல. ‘உங்களிடம் மூன்று ஆட்டின் உண்டா’ என்று இருவரும் பேசிவைத்த கேள்வி. ஏலத்தின்போது வாய் திறக்கக் கூடாது. அவர் மண்டாசி என்ற பொரித்த பன்னை மென்றபடி ‘பாஸ்’ அட்டையை வைக்கிறார். எதிரணியும் பாஸ் வைக்க, மூன்று கிளாவரிலேயே ஏலம் முடிகிறது; இனி கிளாவர்தான் துருப்பு. ஆடித் தோற்றதும் ஞோகி பல்லைக் கடித்துக்கொண்டு தன் சீட்டுகளை விரித்துக் காட்டுகிறாள். ஆட்டின் ஐந்து, கிளாவர் ஒன்றே ஒன்று. “கிளாவர் எங்கம்மா?” “அது கேள்வி, முத்தோனி அப்பா, கேள்வி! காலைல டீ குடிக்கறப்பகூட சொன்னேனே!” அவர் கையில் இருந்ததோ ராஜாவோடு மூன்று ஆட்டின். “நீ கேட்ட மாதிரியே தெரியலையே.” “எப்பத்தான் தெரிஞ்சுது? வீட்டுல கூரைத் தகரம் ஒழுகுதே, என்ன செய்யலாம்னு கேட்டாலும் உங்களுக்கு பாஸ்தான்.”