வளைவுக்கு வாரிசு

பழைய ரயில் நிலையத்தின் செங்கல் வளைவுகளை ஆண்டுதோறும் எடையேற்றிச் சோதிப்பார்கள். அப்போது, கட்டிய மேஸ்திரியின் வாரிசு அடியில் நிற்க வேண்டும். நிற்க மனமில்லாத குடும்பத்தில் யாராவது ஒருவர் ‘நாங்கள் கட்டவில்லை’ என்றால் போதும்; வளைவிலிருந்து மேஸ்திரியின் பெயரைச் சுரண்டிவிடுவார்கள்.

தன் பாட்டன் கட்டிய வளைவில் இந்த ஆண்டு புதிதாக விழுந்திருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டே ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“பெருசு, கட்டலைன்னு சொல்லிட்டுக் கெளம்பு. மத்தவங்கல்லாம் சொல்லிட்டாங்க,” என்றார் அதிகாரி.

“அவங்க பாட்டனுங்க என்னத்தக் கட்டுனாங்களோ. எங்க பாட்டன் கட்டுனது நிக்கும்.”

தடுப்புக் கயிற்றுக்கு அப்பாலிருந்து மகன் தயாளன் கத்தினான். “சார், நாங்க கட்டலை. எங்கப்பாவ வெளிய அனுப்புங்க.”

“புள்ளையே சொல்லிட்டாரே,” என்று அதிகாரி சிரித்தார்.

ஏகாம்பரம் திரும்பிப் பார்க்கவில்லை.

“எனக்குப் புள்ளை கெடையாது,” என்று சொல்லி வளைவுக்கடியில் போய் நின்றார். “எடைய ஏத்து.”