வட்டக் கைநாட்டு

மத்தியானச் சங்கு ஊதும்வரை யாரும் ஒண்ணுக்குப் போகக்கூடாது என்பது அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் சட்டம். அதை எடுக்கச் சொல்லித் தொழிலாளர்கள் மனு எழுதினார்கள். யார் முதலில் வைத்தது என்று தெரியாதபடி சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, சுற்றிலும் கைநாட்டு வைத்தார்கள். யோசனை சொன்ன தங்கப்பழம் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "நான் கடைசியா வைக்கேன் மாமா" என்றான் கிழவர் கருத்தப்பாண்டியிடம். மறுநாள் முதலாளி அவரை மட்டும் கூப்பிட்டு, "மொதக் கை ஒம்மதாமே. நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். வெளியே வந்தவருக்குத் தங்கப்பழம் ஓடிவந்து தண்ணீர்ச் செம்பை நீட்டினான். "எந்த நாய் சொல்லுச்சோ மாமா." காலையில் பார்த்த கட்டைவிரல்களெல்லாம், அவருடையதைப் போலவே, நீலம் போகாமல் இருந்தன. செம்பைப் பிடித்திருந்த விரல் சுத்தமாக இருந்தது. "நீ எப்பல வைக்கப்போற?" என்று கேட்டார் கருத்தப்பாண்டி.