பின்பக்கத்துப் பொடி எழுத்து

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை மாமியார் மறுபடியும் படித்தாள். கோதுமை மாவு, சர்க்கரை, தாவர எண்ணெய், உப்பு. அவ்வளவுதான்.

மிருகக் கொழுப்பு என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

கண் ஆபரேஷன் முடிந்து, இனிமேல் தாராளமாகப் படிக்கலாம் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்தவள் செய்தித்தாளைத் தொடவில்லை. எதையும் பார்க்காமல் சாப்பிடுகிற தன் மகனின் அலமாரியைத் திறந்து பிஸ்கட்டை எடுத்தாள். அப்புறம் சீஸ் டப்பா. அப்புறம் சிவப்பு மிட்டாய். எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தாள். ஒன்றிலும் ஒரு குற்றமும் இல்லை.

இருடி, உனக்கு இருக்கிறது இன்றைக்கு என்று மருமகளை நினைத்து மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

மருமகள் கறி மீன் சாப்பிடுகிற வீட்டிலிருந்து வந்தவள். மகன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாததை மாமியார் வேறு விதமாகச் சொன்னாள். மருமகளின் தட்டுக்கும் டம்ளருக்கும் தனி அலமாரி. அவளுடைய அம்மா பார்க்க வந்த அன்று எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் காபி, சம்பந்திக்கு மட்டும் காகிதக் கோப்பையில். எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் இதுவரைக்கும் அசைவம் பட்டதில்லை என்று சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள். சம்பந்தி குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

அப்போதும் மருமகள் எதிர்த்துப் பேசவில்லை. சைவத்துக்கு மாறினாள். மாறியதோடு விட்டாளா? மாமியாரையே சைவம் போதாதவள் ஆக்கிவிட்டாள்.

கண் மங்கிப்போன மாமியாருக்குப் பாக்கெட்டுகளைப் படித்துச் சொல்ல அவளை விட்டால் ஆள் இல்லை. பிஸ்கட்டில் மிருகக் கொழுப்பு. சீஸில் ரென்னெட், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. மிட்டாயில் கார்மைன், பூச்சியை அரைத்து எடுக்கிற சாயம். ஜெலட்டின் என்று போட்டிருந்தால் மாட்டெலும்பு, நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பாடம் நடத்தி நடத்தியே மாமியாருக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பாவம், அத்தை இத்தனை வருஷம் தெரியாமலே சாப்பிட்டுவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் உச்சுக் கொட்டினாள். அன்று பூராவும் மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தனையும் புளுகு.

மாமியார் மகனுக்குப் போன் செய்து, சீக்கிரம் வா, ஒரு விஷயம் பேச வேண்டும் என்றாள். பிஸ்கட்டையும் சீஸையும் மிட்டாயையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். மகன் வந்ததும் மருமகளையே உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். புளுகி என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வர வேண்டும். அதற்கப்புறம் அவள் சமையலறைக்குள் காலை வைக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் மருமகள்தான் முதலில் வந்தாள். கைப்பையை வைத்துவிட்டு, வழக்கம்போல ஒரு சின்ன கப்பையும் ஸ்பூனையும் மாமியார் கையில் கொடுத்தாள். ஸ்ட்ராபெர்ரி தயிர். மாமியாருக்கென்று அவள் விட்டுவைத்திருந்த ஒரே இனிப்பு. பாலில் செய்ததுதானே அத்தை, சுத்த சைவம் என்று அவளே தேடிப் பிடித்தது. எவ்வளவு சண்டை நடந்தாலும் இது மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. மாமியாரும் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

இன்று அது இன்னும் ருசியாக இருந்தது. ஜெயிக்கப் போகிறவள் இல்லையா? துண்டைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள்.

பாதி சாப்பிட்ட பிறகு கப்பைத் திருப்பினாள். சந்தேகத்தில் இல்லை. கண் தெரிகிற சந்தோஷத்தில் காலையிலிருந்து பார்த்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தவள், அதையும் படித்தாள்.

பால். சர்க்கரை. ஸ்ட்ராபெர்ரி. நிறத்துக்குக் கார்மைன். கெட்டியாக இருக்க மாட்டு ஜெலட்டின்.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். சமையலறை வாசலில் சாய்ந்து நின்று மருமகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது அவள்தான். இனிமேல் தாராளமாகப் படிக்கலாம் என்று அவர் சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் அதே தயிரை வாங்கி வந்திருக்கிறாள்.

வாசல் கதவு திறந்தது. மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, என்ன அவசரம், எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டான். மேஜையில் துண்டைப் பார்த்துவிட்டு, அடியில் என்ன என்றான்.

பிஸ்கட்டைப் படிக்கச் சொன்னால் அவள் படிப்பாள். அப்படியே தயிரையும் படிப்பாள். இந்த வீட்டில் தினமும் மாட்டைச் சாப்பிட்டது யார் என்று மகனுக்குத் தெரிந்துவிடும். நாளைக்குப் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். நாளன்றைக்குச் சம்பந்தி வீட்டுக்கும் தெரியும்.

"ஒண்ணுமில்லடா, எறும்பு வருதேன்னு மூடி வச்சேன்" என்றாள்.

மருமகள் கிட்டே வந்து கப்பை எட்டிப் பார்த்தாள். குரலில் அத்தனை பரிவு.

"போதுமா அத்தை? இன்னொண்ணு எடுத்துட்டு வரட்டா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று மகன் கேட்பான். அவன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான்.

மாமியார் கப்பின் அடியை வழித்து வாயில் போட்டு விழுங்கினாள்.

"எடுத்துட்டு வா" என்றாள்.