அளவெடுக்கும் அறை

“முதல்ல அந்த லேப்டாப்பை மூடுங்க, அத்தை.”

வேலை நாள், பகல் பன்னிரண்டு மணி. செருப்பைக்கூடக் கழற்றாமல் அளவெடுக்கும் அறைக்குள் வந்து நின்றவளைத் தையல்கார அத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அண்ணன் மகளின் இரண்டு காதுகளும் கன்றிச் சிவந்திருந்தன, யாரோ காதைத் திருகி ஆபீஸை விட்டு வெளியே தள்ளிய மாதிரி.

“வேலை போயிடுச்சாடி, பட்டதாரி?”

போகவில்லை, அரை நாள் லீவு என்றாள். குடும்பத்திலேயே முதன்முதலாக டிகிரி வாங்கியதற்கு அவளுக்குக் கிடைத்த பரிசு இந்தப் பட்டப்பெயர்தான். எட்டு மாதமாக ஒரு கம்பெனியில் இருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் டைப்பிங் என்பாள். மேலே கேட்டால், வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்பாள். டைப்பிங்கில் என்னடி ராணுவ ரகசியம் என்று அத்தை சிரிப்பாள்.

லேப்டாப்பை மூட அத்தை சம்மதிக்கவில்லை. போன வருடம் வரை அவள் அளவு சொல்ல, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கும் அக்கா நோட்டில் எழுதுவாள். இப்போது வாயால் சொன்னால் லேப்டாப்பே எழுதிக்கொள்கிறது. ஒரு கையில் இன்ச் டேப், மறு கையில் ஆள். நடுவில் மைக்கை அணைத்து அணைத்துப் போட யாருக்கு நேரம்? காலையில் போட்டால் கடை மூடும்வரை ஓடும்.

“தோள் பதினாலரை, கை இருபத்திரண்டு, மாமியாரோட பேச்சுவார்த்தை இல்லையாம்” என்று சில நாள் எல்லாம் சேர்ந்து திரையில் விழும். வேண்டாததை அத்தை அழித்துவிடுவாள். அழித்தால் அழிந்துவிட்டது என்பது அவள் எண்ணம்.

பட்டதாரி எதையெதையோ திறந்து ஒரு வரியைக் காட்டினாள். ‘குரல் அறியும் திறனை மேம்படுத்த, உங்கள் ஒலிப்பதிவுகளை அனுப்பி உதவுங்கள்.’ எதிரே பச்சையாக ஒரு சுவிட்ச்.

“இதுக்கு யாரு சரின்னு சொன்னது?”

“உதவி பண்ணுன்னு கேட்டுச்சு, சரின்னேன். மாட்டேன்னா சொல்லுவாங்க?”

இதை அணைத்தாலும் அளவு எழுதுவது நிற்காது, அது வேறு, இது வேறு என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். காசு கொடுத்து வாங்கிய நாமே அதற்கு ஒத்தாசையும் செய்ய வேண்டுமா, கேட்கிறவனுக்கு வெட்கமாக இல்லையா என்றாள். எங்கே இருக்கிறோம், என்ன தட்டுகிறோம், எதை எத்தனை நேரம் பார்க்கிறோம் என்று வரிசையாக நின்ற பச்சைகளை எல்லாம் டக் டக்கென்று அணைத்துக்கொண்டே போனாள். அத்தைக்கு, கடையில் யாரோ புகுந்து ஃபியூஸ் பிடுங்குவது போல இருந்தது.

“எங்கிட்ட என்னடி ரகசியம் இருக்கு? என் இடுப்பளவு ஊருக்கே தெரியும்.”

“உங்களது இல்ல. இடுப்புல ரெண்டு இன்ச் பிரிச்சுவிடச் சொன்னாங்களே, அவங்களது. மூணு மாசம். ஆபீஸ்ல இன்னும் சொல்லல.”

அத்தையின் கையிலிருந்த டேப் நழுவியது.

அந்த வாடிக்கையாளர் தற்காலிக வேலையில் இருப்பவள். அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் வர வேண்டும். பிள்ளை உண்டாகியிருப்பது தெரிந்தால் அந்தக் கடிதம் வரவே வராது. இப்படி ஒரு விதியை எந்த ஆபீஸும் எழுதி வைப்பதில்லை, ஆனால் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். கதவைச் சாத்திக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன விஷயம். அத்தை தன் புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

யார் சொன்னது என்று அத்தை கேட்டாள். பட்டதாரி திரையின் பக்கமே திரும்பிக்கொண்டாள். அத்தையின் பார்வை மெல்லத் திரும்பி, வெளியே கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் குனிந்திருந்த காஜா அக்காவின் மேல் போய் நின்றது.

“ஒட்டுக் கேட்டிருக்கா. பதினோரு வருஷம் கூடவே வச்சிருந்ததுக்கு எனக்கு இதுதான் மிச்சம். இன்னியோட நின்னுக்கச் சொல்லிடறேன்.”

அந்த அக்காவுக்கு இந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அத்தை அவளைக் கூப்பிட வாயெடுத்துவிட்டாள். பட்டதாரி எட்டிக் கதவைச் சாத்தினாள்.

“அவங்க சொல்லல, அத்தை. இதுதான் அனுப்பிச்சுது” என்று லேப்டாப்பைக் காட்டினாள்.

அத்தைக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, அனுப்பிச்சுதுன்னே வச்சுக்க. அந்தப் பக்கம் எவடி வேலைவெட்டி இல்லாம உக்காந்து, ஒரு தையக்காரி பேசறதைக் கேட்டுட்டிருப்பா?”

பட்டதாரி தன் கன்றிய காதைத் தொட்டுக் காட்டினாள்.

“நான்தான், அத்தை. கேட்டுக் கேட்டு டைப் அடிக்கறது, என் வேலையே அதுதான்.”