களவெடுக்க முடியாத கார்

மட்டக்களப்புக் கள்வர்கள் அனைவருக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில், களுதாவளை வினாயகமூர்த்தியின் நாற்பது வயதுக் காரை இன்றுமுதல் எவராலும் களவெடுக்க முடியாது. தன் கையாலேயே அதில் ஓர் இரகசியச் சுவிட்ச் பூட்டியிருக்கிறார். அதை அழுத்தாமல் எஞ்சின் இயங்காது. வாவிக் காற்றில் தென்னோலைகள் அசைகின்றன. காலை வெயில் காரின் முன்புறப் பொனற்றின் துருவைப் பொன்னாக்கிக் காட்டுகிறது. காலடியில் வயர்த் துண்டுகள் சிதறிக் கிடக்க, டேப் பசை ஒட்டிய விரல்களால் மீசையைத் தடவியபடி, மனைவியின் தம்பி உதயரூபனிடம் கார்த் திறப்பை நீட்டுகிறார். “ஸ்டார்ட் பண்ணு பாப்பம், மச்சான். ஏலுமெண்டா கார் உனக்குத்தான்.” “இந்தத் தகரத்தக் கொண்டுபோறவனுக்கு நாமதான் கூலி குடுக்கணும், அத்தான்,” என்று சிரித்துக்கொண்டே உதயரூபன் ஏறுகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த வாகனத்தில் ஏறினாலும் செய்வதுபோல், டாஷ்போட் பிள்ளையாரை அழுத்தித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். சுவிட்ச் பிள்ளையாருக்கு அடியில்தான் இருக்கிறது. கார் ஸ்டார்ட் ஆகிறது.