கூட்டல் பிழை

டீச்சரின் சுட்டுவிரல் மதிப்பெண் பட்டியலில் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தது.

எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்வித் துறையின் மதிப்பீட்டு அலுவலர். ஒரு காலத்தில் இதே வேதியியல் ஆய்வுக்கூடத்தில், இதே டீச்சரிடம் படித்தவள்.

இந்தப் பருவத்தில், பத்தாம் வகுப்பின் ஒரு பிரிவுக்கு டீச்சர் பாடம் நடத்தினார். இன்னொரு பிரிவுக்குச் செயற்கை நுண்ணறிவு நடத்தியது. பிள்ளைகள் ஆளுக்கொரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து படித்தார்கள். தேர்வு இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான்.

டீச்சரின் பிரிவு ஒரு மதிப்பெண் பின்தங்கினாலும் அடுத்த பருவத்தில் அவருக்கு வேலை இல்லை. ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

அறிக்கையின் கடைசி வரியில் இரண்டு பிரிவுக்கும் சராசரி அறுபத்து நான்கு. சரிக்குச் சரி.

அதைச் சொல்லிக்கொண்டேதான் அவள் உள்ளே நுழைந்தாள். டீச்சர் அப்பாடா என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலைக் கொடு என்றார்.

துறையில் அவள் கொடுக்கும் எண்ணை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. அப்படியொரு பெயர் அவளுக்கு.

அந்தப் பெயர் டீச்சர் போட்ட பிச்சை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், சோதனையைச் செய்யாமலே நோட்டில் அளவை எழுதி நீட்டினாள். டீச்சர் திட்டவில்லை. குடுவையைக் கழுவிக் கையில் கொடுத்தார். மணி அடித்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும், அவள் செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

விரல் நின்றது.

“இந்தப் பொண்ணு ரெண்டு வாரம் காய்ச்சல்ல கிடந்துச்சும்மா. சமன்பாடு பாடத்துக்கே வரலை. எழுபத்து மூணு எப்படி வரும்?”

விடைத்தாள்களைத் திருத்தியது துறை. டீச்சர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

விரல் இன்னும் இரண்டு பெயர்களில் நின்றது. பட்டியலை அவள் பக்கம் திருப்பினார். அவள் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்த விடைத்தாள் கட்டை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

இது இப்படியே இருக்கட்டுமே டீச்சர் என்று அவள் கெஞ்சுகிற குரலில் ஆரம்பித்தாள். டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

“கூட்டல்ல எங்கேயோ தப்பு வந்திருக்கு. தாளைப் பார்த்துத் திருத்திடு. நான் கையெழுத்துப் போடறேன்.”

அவள் திருத்தினாள். மொத்தம் ஒன்பது பிள்ளைகள். ஆளுக்குப் பத்து குறைந்தது. டீச்சர் பிரிவின் சராசரி அறுபத்தொன்றுக்கு இறங்கியது.

டீச்சர் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். பருவம் முடிய ஆறு வாரம்தானே இருக்கிறது என்று விசாரித்தார். அதற்குள் அந்தக் காய்ச்சல்காரப் பெண்ணுக்குச் சமன்பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, அறிக்கையையும் கட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

டீச்சர் காட்டியது மூன்று பேரை. மற்ற ஆறு பேர் யார், ஒவ்வொருவரும் உண்மையில் வாங்கியது எவ்வளவு என்று பார்க்க, திருத்தும்போது அவள் அந்தக் கட்டை அவிழ்க்கவே இல்லை.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.